மைக்ரோஃபிலிம் பிரதியை கோர்ட்டில் மார்க் பண்ண (சான்றாவணமாக எண் போட்டு ஏற்க) விடலாமா?

வாய்தா: நான் நடத்தும் பாகப்பிரிவினை வழக்கு. ஒரு தனியார் கம்பெனி 1970களின் பங்குப் பதிவேட்டை மைக்ரோஃபிலிமிலிருந்து (ஆவணங்களைச் சிறிதாக்கிப் படம் பிடித்த சுருள்) பிரிண்ட் எடுத்துத் தாக்கல் செய்திருக்கிறது. மூலப் பதிவேட்டை, படம் பிடித்த கையோடு அழித்துவிட்டார்களாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் ‘மின்னணுப் பதிவு’ விளக்கத்திலேயே மைக்ரோஃபிலிம் இருக்கிறது. மின்னணுப் பதிவின் பிரதிக்கு, அது எப்படி உருவானது என்று சொல்லும் சான்றிதழ் (1872 சாட்சியச் சட்டம் 65பி பிரிவு) கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர்களிடம் சான்றிதழ் இல்லை, கதை முடிந்தது.

சுருள்பெட்டி: முடியவில்லை சார். விளக்கத்தைப் படித்த நீங்கள் 65பி-யையும் முழுசாகப் படித்திருக்கலாம், அது பேசுவது கம்ப்யூட்டரிலிருந்து வந்ததைப் பற்றி. கேமராவில் வெளிச்சம் பட்டுப் பதிந்த படத்தில் கம்ப்யூட்டர் எங்கே? 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ் படிவம் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கிறது, கணக்கிட்ட முறை எஸ்எச்ஏ256-ஆ எம்டி5-ஆ என்று டிக் வேறு அடிக்க வேண்டும். பிலிம் சுருளுக்கு எந்த ஹேஷைப் போடுவது? பழைய 1872 சட்டம் 63-ஆம் பிரிவின் உதாரணமே போதும்: படம் எடுத்தது மூல ஆவணத்தைத்தான் என்று நிரூபித்தால், ஒப்பிட்டுப் பார்க்காத புகைப்படமும் இரண்டாம் நிலைச் சான்று (மூலத்துக்குப் பதிலாகத் தரும் சான்று).

வாய்தா: பொதுச் சட்டமே போதும் என்றால் சுங்கச் சட்டத்தில் மைக்ரோஃபிலிமை ஏற்கும் 138சி பிரிவு எதற்கு? வங்கிக் கணக்கேடுகளுக்கான சாட்சியச் சட்டத்திலும் மைக்ரோஃபிலிமைத் தனியாகத்தானே நுழைத்தார்கள்? இந்தக் கம்பெனி சுங்க இலாகாவும் இல்லை, வங்கியும் இல்லை.

சுருள்பெட்டி: 138சி தருவது சலுகை. மூலமும் வேண்டாம், கூடுதல் நிரூபணமும் வேண்டாம் என்கிறது. சலுகை இல்லாதவர் நிரூபித்துவிட்டு உள்ளே வரட்டும்.

கடைசி பெஞ்ச்: இரண்டு பேரும் சான்றிதழையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்கு உறுத்துவது ‘படம் பிடித்த கையோடு’ என்ற வரி. மூலம் அழிந்திருந்தால் அதே பழைய சட்டத்தின் 65(சி)-யில் இரண்டாம் நிலைச் சான்று தரலாம், சரி. ஆனால் அதே பிரிவு தன் தவறோ அலட்சியமோ காரணமாக இருக்கக்கூடாது என்றும் பேசுகிறது. தானே அழித்தவர் என்ன சொல்வார்?

சுருள்பெட்டி: வழக்கு வருவதற்கு முன்பே, அலுவலக வழக்கப்படி அழித்தோம் என்பார். அதற்கு அந்தக் காலத்து போர்டு தீர்மானமாவது காட்ட வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆபரேட்டர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத்தையும் படம் பிடித்திருப்பார்கள், ஒழுங்காக எடுத்த சுருள் என்றால்.

கடைசி பெஞ்ச்: அந்த ஆபரேட்டரை இன்று எங்கே போய்த் தேடிக் கூண்டில் ஏற்றுவது? வாய்தா சார், பிரிண்டோடு விடாதீர்கள், சுருளையே வரவழைக்க மனு போடுங்கள். நடுவில் வெட்டி ஒட்டிய இடம் இருந்தால் ரீடரில் ஓட்டும்போதே தெரியும். ஒட்டு எல்லாமே மோசடி இல்லை, மங்கலான பக்கத்தைத் திரும்ப எடுத்தும் ஒட்டுவார்கள். ஆனால் உங்கள் கட்சிக்காரரின் பக்கத்தில் மட்டும் ஒட்டு இருந்தால் குறுக்கு விசாரணைக்கு அது போதும். ஆட்சேபணையை மார்க் பண்ணும்போதே பதிவு செய்யுங்கள். நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபணையை அப்போதே சொல்லாவிட்டால் பின்னால் எடுபடாது என்று வெங்கடாசல கவுண்டர் வழக்கில் 2003-லேயே சொல்லியாயிற்று.

வாய்தா: மனு போடுகிறேன். சான்றிதழ் ஆட்சேபணையையும் விடப்போவதில்லை.