புதுப்பிப்பு: பெரியம்மாவின் முழங்காலும் பேஜ் மருந்தும்

ஆரையம்பதியில் இருக்கும் பெரியம்மாவின் செயற்கை முழங்காலில் கிருமி பிடித்ததைப் பற்றி மூன்று மாதத்துக்கு முதல் எழுதியிருந்தேன். பக்டீரியாவைக் கொல்லும் வைரஸான பேஜைக் கொடுத்தால் சத்திரசிகிச்சையே தேவைப்படாது என்றும் அடித்துச் சொல்லியிருந்தேன். அது பிழை.

வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வாவிக்கரைக் கல்லில் பாசி படர்கிற மாதிரி, உலோகத்தில் பக்டீரியா வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளும். அதற்குள் பதுங்கியவற்றை அன்டிபயோட்டிக் கொல்வது கஷ்டம். சில பேஜ்களிடம் அந்தப் படலத்தைக் கரைக்கும் நொதி உண்டு. ஆனால் எந்தப் பேஜும் எல்லாக் கிருமிக்கும் சரிவராது. நோயாளியிடம் எடுத்த கிருமியை வளர்த்துப் பொருத்தம் பார்க்கவேண்டும். அப்புறமும் பெரும்பாலும் மூட்டைத் திறந்து கழுவி, அன்டிபயோட்டிக்கோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். ஜோர்ஜியாவின் திபிலீசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இதில் பழைய கை.

எங்களுக்குப் பேஜ் கிடைக்கவில்லை. மூட்டைத் திறந்து கழுவி, இடையிலிருந்த பிளாஸ்டிக் துண்டை மாற்றினார்கள். உலோகம் அப்படியே இருக்கிறது. பிறகு ஊசி, இப்போது ரிஃபாம்பிசினும் இன்னொரு குளிசையும். முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போக, "ரத்தம் போகுதடா தம்பி" என்று பெரியம்மா ஊரைக் கூட்டிவிட்டார். மருந்தின் நிறம்தான் அது!

சீழ் நின்றுவிட்டது. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான சிஆர்பி இறங்கியிருக்கிறது. வோக்கரைப் பிடித்துக்கொண்டு படலைவரை போய்வருகிறார். குளிசை இன்னும் ஆறு கிழமைக்கு இருக்கிறது.