பழைய ஜன்னலில் ஈயப் பெயின்டா? சுரண்டுவதா, மேலேயே அடிப்பதா?

மரச்சட்டம்:
மர ஜன்னல்களில் ஐந்தாறு கோட் பெயின்ட் ஏறியிருக்கிறது. கதவு உரசும் இடத்தில் வெள்ளைத் தூள் உதிர்கிறது. கம்பியில் பெயின்ட் பெயர்ந்து, அடியில் ஆரஞ்சு நிறப் பூச்சு தெரிகிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை உண்டு. ஈயம் இருந்தால் நிறம் மாறும் டெஸ்ட் கிட் குச்சியை மேலே தேய்த்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. ப்ளோ லாம்ப் வைத்து உரித்து, சாண்டர் (தேய்க்கும் மெஷின்) போடலாம் என்கிறார் பெயின்டர். சரிதானே?

உப்புத்தாள்:
இரண்டும் வேண்டாம், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். தீயில் சுட்டால் ஈயம் புகையாக எழும். சாண்டர் அதைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கி வீடு முழுக்கப் பரப்பும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னுக்கும் வரம்பு உண்டு: 593 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது.

மேலே தேய்த்துப் பார்த்தது சோதனையே ஆகாது. ஈயம் பெரும்பாலும் அடிப் பூச்சில்தான் இருக்கும். கூரான கத்தியால் மரம் தெரியும்வரை சாய்வாக வெட்டி, எல்லாப் படலமும் தெரியும் இடத்தில் குச்சியை வையுங்கள். சிவக்கும் வகை கிட் என்றால், சிவப்புப் பெயின்டில் குழப்பும். ஜிப்சம் தூள் கலந்தால் ஈயம் இருந்தும் 'இல்லை' என்று காட்டும். சந்தேகம் தீரவில்லையா, எல்லாப் படலமும் சேர்ந்த ஒரு சில்லை லேபுக்கு அனுப்புங்கள். அமெரிக்காவில் எடையில் 0.5 சதவீதம், அதாவது 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) இருந்தாலே ஈயப் பெயின்ட் என்கிறார்கள். புதுப் பெயின்டுக்குப் பல நாடுகளில் வரம்பு வெறும் 90 பிபிஎம்.

கம்பியில் தெரியும் ஆரஞ்சு, ஈயம் கலந்த ரெட் லெட் பிரைமராக இருக்கலாம். செங்கல் நிற ரெட் ஆக்சைடு வேறு, அது இரும்பு ஆக்சைடு. ஆனால் நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள், அதையும் சோதியுங்கள். கிரைண்டரும் உலர் வயர் பிரஷும் கம்பி பக்கமே போகக்கூடாது.

மரச்சட்டம்:
சுரண்டாமல் மேலேயே இரண்டு கோட் அடித்துவிட்டால்?

பட்டிக்கரண்டி:
சுவரிலும் நிலையிலும் பெயின்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் தாராளமாக அடிக்கலாம். ஜன்னல் உரசும் விளிம்பில் மட்டும் அது நிற்காது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் புதுப் பூச்சு தேய்ந்து, பழையது மறுபடி தூளாகும். அந்த விளிம்புகளை மரம் வரை எடுத்தே ஆக வேண்டும். முடிந்தால் கதவைக் கழற்றி, கீலைச் சரிசெய்து, உரசாதபடி இழைத்து மாட்டுங்கள். இழைப்பதும் ஈரம் தெளித்துத்தான்.

செய்யும் முறை: குழந்தையும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து சுத்தம் ஆகும்வரை வீட்டில் இருக்கக்கூடாது. அறைச் சாமான்களை வெளியேற்றுங்கள். ஜன்னலடியில் குறைந்தது 2 மீட்டருக்குத் தடித்த பிளாஸ்டிக் விரித்து, ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். வாசலிலும் ஒரு திரை. ஃபேன், ஏசி நிறுத்தம். ஸ்ப்ரேயரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டுங்கள், காயவிடாதீர்கள். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் இரண்டும் பிரயோஜனமில்லை. நுண்தூளைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட ரெஸ்பிரேட்டர் (முகத்தில் இறுகப் பொருந்தும் மாஸ்க்) வேண்டும்.

பலர் கோட்டை விடுவது சுத்தம் செய்வதில்தான். துடைப்பம் தூளைக் கிளப்பும். சாதாரண வாக்குவம் பின்பக்கம் வழியாக அதைத் திருப்பி ஊதும். முதலில் நுண்தூளைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள ஹெப்பா வாக்குவம், பிறகு சோப்புத் தண்ணீர்த் துடைப்பு, காய்ந்ததும் மறுபடி ஹெப்பா. இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் துணி அலச நல்ல நீர். அழுக்குத் தண்ணீர் டாய்லெட்டில் போகட்டும், தோட்ட மண்ணில் ஊற்றாதீர்கள்.

உப்புத்தாள்:
குழந்தைக்கு இப்போதே ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் எதுவும் தெரியாது. விரலில் குத்தி எடுத்ததில் அளவு கூடுதலாக வந்தால், கையின் ரத்தக் குழாயில் (சிரையில்) ஊசியால் எடுத்த ரத்தத்தில் உறுதி செய்யுங்கள். விரலில் ஒட்டிய தூளே கணக்கைக் கூட்டிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 முதல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவை வைத்து, அதை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கச் சொல்கிறது. வேலை தொடங்கும்வரை அந்த ஜன்னல்களை மூடியே வையுங்கள், விளிம்பை தினமும் ஈரத்துணியால் துடையுங்கள், குழந்தையின் கட்டிலை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்.