விமான தூரம், பயண நேரம்: கணக்கும் டிக்கெட்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி
லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே. ஒரு தளம் 5,540 கி.மீ. என்கிறது, இன்னொன்று 5,555. மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 6 மணி 10 நிமிடம்தான் வருகிறது. டிக்கெட்டிலோ போக சுமார் 8 மணி, திரும்ப 7. எக்ஸெல்லில் சரியாகப் போடுவது எப்படி?

பதில் 1
பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக எடுத்தால் 5,540. துருவங்களில் சற்றுத் தட்டையானது என்று எடுத்தால் 5,555. நேரக் கணக்குக்கு எதுவும் போதும், அந்த 15 கி.மீ. ஒரு நிமிடப் பறப்பு.

எக்ஸெல்லில் ஹேவர்சைன் சூத்திரம் (இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து உருண்டை மேல் தூரம் தருவது) போடுங்கள். சைன், காஸ் எல்லாம் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற அளவில்தான் கேட்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் விடை தாறுமாறாக வரும், உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நுழைவது வேறு: ஹீத்ரோவின் அட்சரேகை 51°28′ (51 டிகிரி 28 நிமிடம்) என்பதை 51.28 என்று அடிப்பது. 28-ஐ 60-ஆல் வகுத்து 51.47 என்று தர வேண்டும். இல்லையென்றால் ஹீத்ரோ 20 கி.மீ.க்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும், ஆனால் விடை நம்பும்படியே இருக்கும். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ். தூரம் நாட்டிகல் மைலில் இருந்தால் 1.852-ஆல் பெருக்குங்கள். சாதாரண மைல் என்று நினைத்து 1.609 போட்டால் 13% குறையும்.

பதில் 2
டிக்கெட் நேரம் பறக்கும் நேரமல்ல. விமானம் தன் வாசலை (கேட்) விட்டு நகர்வதிலிருந்து இறங்கிய பின் வாசலில் நிற்பது வரை. ஓடுபாதைக்குப் போக, வர மொத்தம் அரை மணி; ஏற்றம், இறக்கம், சுற்றி வருவதற்கு இன்னொரு அரை மணி சேருங்கள்.

மீதி காற்றின் வேலை. மேற்கே போகையில் எதிர்காற்று 100 கி.மீ. என்றால் தரைவேகம் 800: 6:55, ஒரு மணி சேர்த்தால் 7:55. திரும்புகையில் 1,000: 5:32, ஆக மொத்தம் 6:32. குளிர்காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று) இதைவிட வலுக்கும். போக வர காற்று ஈடுகட்டிவிடும் என்பது தவறு. காற்றில்லாவிட்டால் 12:19, இங்கே 12:27. எதிர்காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம்.

900 என்பது பெரிய ஜெட்டுக்கு. ஏ320 வகைச் சிறிய ஜெட்டுக்கு 830 வையுங்கள், ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்துக்கு 500.

கேள்வி கேட்டவர்
நன்றி. லண்டன் நேரப்படி புறப்பாடு 11:00, நியூயார்க் நேரப்படி வருகை 14:00 என்றால் 8 மணி நேரம்தானே? எப்போதும் 5 மணி கூட்டினால் போதுமா?

பதில் 3
போதாது. கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், பிரிட்டன் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையும் அப்படியே. புறப்பாடு, வருகை இரண்டையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிக் கழியுங்கள்.

இன்னொன்று: மிகக் குறுகிய பாதை திறந்திருக்க வேண்டும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியதும், 9 மணிச் சொச்சமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ சுமார் 13 மணி ஆனது. உங்கள் சூத்திரம் பழைய தூரத்தையே காட்டும்.