மே மாதத்தில் குமரி: கோட்டை, கோயில், ஆறு, கடல், எதை எதோடு சேர்ப்பது?

தக்கலைக்காரி:

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் வீட்டுக்குத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள், வரும்போதே கையில் ஒரு பட்டியலும் வரும். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, கண்ணாடிப் பாலம், சுசீந்திரம், பத்மநாபபுரம், திற்பரப்பில் குளியல், மறுபடி கன்னியாகுமரிக்குத் திரும்பி அஸ்தமனம், அப்புறம் இரவு ரயில். எல்லாம் ஒரே நாளில்! யாரோ ஒரு டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்தது. வரைபடத்தில் மாவட்டம் உள்ளங்கை அகலம்தான், ஆனால் இங்கே ஒரு ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் தொடங்கிவிடும், தக்கலை ஜங்ஷனையும் மார்த்தாண்டத்தையும் சாயங்காலம் வேனில் தாண்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோயில் நடை எப்போது அடைக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், மற்றதை அதைச் சுற்றி வையுங்கள். பெரிய கோயில்கள் உச்சிப் பொழுதில் அடைத்தால் சாயங்காலம்தான் திறக்கும். மே வெயிலும் சரியாக அந்த நேரத்தில்தான் கொளுத்தும். அதனால் காலையில் கோயிலோ அரண்மனையோ, மதியம் சோறும் தூக்கமும், சாயங்காலம் கடற்கரை. ஒரு நாளைக்கு ஒரே திசை. கிழக்கே போனால் கிழக்கு மட்டும். இரண்டு ராத்திரியாவது கன்னியாகுமரி லாட்ஜை விட்டு இந்தப் பக்கம் குலசேகரம், திருவட்டார் வட்டாரத்தில் தங்குங்கள்.

பத்மநாபபுரத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, இதை மறந்து வாசல் வரை வந்து திரும்புகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். இருப்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். போன வருடம் திருப்பூர் அத்தையைக் கூட்டிப் போனேன். உள்ளே கறுப்புத் தரை இருக்கிறதே, சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள், அதைப் பார்த்ததும் அத்தை குனிந்து முந்தானையால் ஓர் இடத்தைத் தேய் தேய் என்று தேய்த்தார். அங்கே நின்ற பணியாளர் அம்மா, "அது அழுக்கில்லம்மா, உங்க முகமாக்கும் தெரியுது" என்றார். அத்தை இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் ஏறி நின்றால் வெளியே மே மாதம் என்பதே மறந்துவிடும், மர அழிகளின் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும், ஜன்னலில் பதித்த வண்ண அபிரகத் தகடுகளில் வெளிச்சம் வடிகட்டி விழும். மேல்மாடியைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் அதை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போகிறார்கள், அநியாயம்.

பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. இதைப் பற்றிக் குளச்சல்காரர் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

குளச்சல் மகன்:

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். வெளியூர்க்காரர்கள் உதயகிரிக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், கதையின் முன்பாதி எங்கள் ஊர்க் கடற்கரையில் நிற்கிறது. 1741 ஆகஸ்ட் 10, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இங்கே மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது. அதில் சிறைப்பட்ட டிலனாய் பின்னால் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைக் கட்டினார், 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடங்கினார். கூரையில்லாத சின்ன தேவாலயம், கல்லறையில் தமிழும் லத்தீனும் வெட்டியிருக்கிறது. காலையில் அந்தக் கல்லறை, சாயங்காலம் குளச்சல் வெற்றித்தூண் என்று ஒரே நாளில் வைத்தால் பிள்ளைகளுக்குக் கதை பிடிபடும். தேவசகாயம் பிள்ளையைக் கிறிஸ்துவத்துக்குக் கொண்டுவந்ததும் இதே டிலனாய்தான். பிள்ளையை 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் பிறந்த ஊரான நட்டாலம், காற்றாடிமலை, அடக்கம் செய்த கோட்டாறு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போவதும் உண்டு.

இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. எங்கள் மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக மே மாதம் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அதே நேரம் குளச்சலிலும் முட்டத்திலும் ஏலம் நடந்துகொண்டிருக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் மேற்கே வாருங்கள். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஏலத்தில் சும்மா நின்று மூக்கைச் சொறிந்தார், ஏலம் போட்டவர் அவர் பக்கம் திரும்பி, "சார் எடுக்கியளா?" என்று கேட்டுவிட்டார். ஒரு கூடை சாளை. அவர் முழித்த முழி! பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தர், "பாவம், வெளியூராக்கும், விடும்" என்று காப்பாற்றினார். அந்த அக்கா வீட்டிலேயே அப்புறம் மரச்சீனிக் கிழங்கும் புளி ஊற்றிய சாளைக் குழம்பும் சாப்பிட்டோம், அது தனிக் கதை.

மலைக்கோயில் டீச்சர்:

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சிதறால், மாத்தூர், திருவட்டார் மூன்றையும் சேர்க்கலாம், ஆனால் வரிசை முக்கியம். திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் முதலில், நடை அடைப்பதற்குள். 22 அடி நீளத்தில் படுத்திருக்கிறார், கல்லில் வெட்டாமல் மூலிகைக் கலவையால் செய்த கடுசர்க்கரைப் படிமம், மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். 400 வருடத்துக்கு மேல் நடக்காமலிருந்த கும்பாபிஷேகம் 2022 ஜூலையில்தான் நடந்தது. ஆண்கள் சட்டை கழற்ற வேண்டும், வேட்டி வேண்டும், பேன்ட்டோடு வந்து வாசலில் வாக்குவாதம் செய்யாதீர்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், 1966-இல் காமராசர் முயற்சியில் வந்தது. பாலத்தில் நடக்கும்போது பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் ஓடும் என்று எதிர்பார்த்து வந்து, மே மாதம் வெறும் கான்கிரீட்டைப் பார்த்து முகம் சுருங்கிப் போகிறவர்கள் நிறைய. பேச்சிப்பாறை அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூனில் திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அதனால் கோடையில் வாய்க்கால் வறண்டுதான் இருக்கும். எனக்குக் கேட்டால் அதுவும் ஒரு காட்சிதான். போன கோடையில் ஒரு பெரியவர் கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டே எங்களோடு நடந்து வந்தார். "எனக்க அப்பா இதுக்கு ஜல்லி சொமந்தாரு. தண்ணி வந்த அன்னைக்கு ஊரே வந்து நின்னு பாத்துது" என்றார். இந்தப் பாலத்தின் வழியாகத்தான் விளவங்கோட்டு மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் காட்டினார்கள் என்று நான் வகுப்பில் சொன்னபோது தூங்கிய என் மகன், அவர் சொன்னபோது வாயைப் பிளந்து கேட்டான். திற்பரப்பு அருவியும் அப்படித்தான், கோடைமழை பெய்திருந்தால் கொட்டும், இல்லாவிட்டால் ஒழுகும். கிளம்புவதற்கு முன் உள்ளூரில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

சிதறாலை வெயில் இறங்கிய பிறகு வையுங்கள், பாறை சூடு அப்போதுதான் தாங்கும். நாங்கள் மலைக்கோயில் என்போம். 9-ஆம் நூற்றாண்டில் சமணர்கள் இருந்த இடம், பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், தலைக்கு மேல் பாம்புக் குடையோடு பார்சுவநாதர், சிங்கத்தோடு அம்பிகா, வட்டெழுத்துக் கல்வெட்டுகள். பின்னால் பகவதி கோயிலாயிற்று. ஒரு தடவை நாங்கள் பிள்ளைகளுக்கு யார் யார் என்று காட்டிக்கொண்டிருக்கும்போது எண்ணெய்க் குப்பியோடு ஒரு பாட்டி ஏறி வந்தார். சமணம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அம்பிகாவைப் பார்த்து ஒரு கும்பிடு, உள்ளே பகவதிக்கு ஒரு கும்பிடு, "எல்லாம் அம்மைதாம் பிள்ளே" என்றுவிட்டுத் திரியைச் சரி செய்யப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் பாடம் எடுக்க வரவில்லை.

கொட்டாரத்து அண்ணாச்சி:

எல்லாரும் மேற்கையே பேசினால் எப்படி? கிழக்கே வட்டக்கோட்டையும் டிலனாய் கட்டியதுதான், கருங்கல் மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. காலை ஏழு மணிக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தால் முதலில் அக்கானி. உங்கள் ஊரில் பதநீர் என்பீர்கள். மே மாதம் வரை கிடைக்கும், கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால் புளிக்காது, ஆனாலும் வெயில் ஏறினால் ருசி போய்விடும். அகஸ்தீஸ்வரம் பக்கம் பனை ஏறுகிறவர் ஒருவரிடம் போன வருடம் பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினோம். அவர் எதுவும் பேசவில்லை. குருத்தோலையை வெட்டி, இரண்டு மடிப்பு மடித்து, ஒரு கிழியலால் முடிச்சுப் போட்டு, பட்டையாக்கிக் கையில் கொடுத்து அதில் ஊற்றினார். பேத்தி மூக்கு முங்கக் குடித்தாள். அப்புறம் வட்டக்கோட்டை, பத்தரைக்குள் சுசீந்திரத்தில் 18 அடி அனுமாரைக் கும்பிட்டு நாகர்கோவிலுக்குச் சோற்றுக்குப் போய்விடலாம். கடைகளில் ரசவடை இருந்தால் விடாதீர்கள்.

தேரூர், சுசீந்திரம் குளத்தில் பறவை பார்க்க இது காலமில்லை, பனிக்காலத்தில் வாருங்கள்.

கோவை அப்பா:

தக்கலைக்காரி அக்கா சொன்னபடிதான் இந்த வருடம் போனோம், என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மதியம் தூங்கச் சொன்னது எவ்வளவு பெரிய உபகாரம்! காரே வேண்டாம் என்று அம்மா அடம் பிடித்ததால் பாதி தூரம் டவுன் பஸ்தான், பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அம்மாவுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். நாகர்கோவிலில் வடசேரி நிலையம் வேறு, அண்ணா பஸ் நிலையம் வேறு என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பையன் மட்டிப்பழம் தவிர வேறு வாழைப்பழத்தைத் தொட மாட்டேன் என்கிறான் இப்போது, கோவையில் நான் எங்கே போய்த் தேட?

ஒரு கேள்வி. தம்பி குடும்பம் ஜூன் முதல் வாரம் வரலாம் என்கிறது, பள்ளி திறப்பது தள்ளிப் போனால். சரியாக இருக்குமா?

தக்கலைக்காரி:

வரலாம், ஆனால் வேறு திட்டம் வேண்டும். அதற்குள் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியிருக்கலாம். கடல் கொந்தளித்தால் பாறைக்குப் படகு விடமாட்டார்கள், அதை நம்பி முதல் நாளை வைக்காதீர்கள். சிதறால் பாறை வழுக்கும். அரண்மனைக்கு மழை ஒரு பிரச்சினையே இல்லை, சொல்லப்போனால் ஓட்டுக் கூரையில் மழை விழும்போதுதான் பார்க்க வேண்டும். மாத்தூரில் தண்ணீர் விட்டுவிட்டார்களா என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மேற்கே தடைக்காலம் வந்துவிடும், வள்ள மீன்தான், அதாவது சின்னப் படகுகளில் பிடிக்கிறதுதான் கிடைக்கும், குளச்சல்காரர் கோபிக்கக் கூடாது. குடை ஆளுக்கு ஒன்று. திங்கட்கிழமை அரண்மனை கிடையாது, மறுபடியும் சொல்லிவிட்டேன்.