8 வார நாய்க்குட்டி இரவெல்லாம் கத்துகிறது. பக்கத்து வீட்டோடு ஒரே பலகைச் சுவர்

லயத்து வீட்டுக்காரன்:
மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். உரக் கொட்டகைக்குப் பின்னால் ஈன்ற நாயின் குட்டி ஒன்றை மகள் நான்கு நாள்களுக்கு முன் தூக்கிவந்துவிட்டாள். 8 வாரம் இருக்கும். பகலில் என் செருப்பைக் கடித்துக்கொண்டு சமர்த்தாகத்தான் இருக்கிறது. இரவு விளக்கை அணைத்ததும் தொடங்குகிறது கச்சேரி. பின்கட்டில் சாக்கு விரித்த அட்டைப்பெட்டி. முதலில் முனகல், அப்புறம் ஊளை, அப்புறம் பெட்டியைப் பிறாண்டும் சத்தம்.

பக்கத்து வீட்டு அண்ணன் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகிறவர். நேற்று இரவு வாய் திறக்கவில்லை, சுவரை இரண்டு தட்டு தட்டினார். மாமனாரோ, "கத்தட்டும், தொண்டை வற்றினால் அடங்கும்" என்கிறார். படுக்கும்முன் ஒரு மங்கு பால் வைக்கிறோம். மகள் அதில் மைலோவும் கலக்கிறாள். வயிறும் இளகிப் போகிறது. என்னதான் செய்வது?

கம்பத்து அக்கா:
தம்பி, முதலில் மைலோவை நிறுத்துங்கள். அதிலிருக்கும் கொக்கோ நாய்க்கு ஆகாது. பசும்பாலும் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. வயிறு கடமுடவென்றால் நாமே தூங்கமாட்டோம். பாலை நிறுத்தியும் கழிச்சல் நிற்காவிட்டாலோ, வாந்தியோ இரத்தமோ சோர்வோ கண்டாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் வந்தால் நாள் கொடுக்காது. தடுப்பூசியும் இந்த வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம்வரை போடவேண்டும். பூச்சி மருந்தையும் அப்போதே கேளுங்கள்.

கத்தலுக்கு வருகிறேன். போன வாரம்வரை அது உடன்பிறப்புகளின் வயிற்றில் தலைவைத்துத் தூங்கியது. இப்போது இருட்டு, தனிமை, மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. பெட்டியை உங்கள் கட்டிலருகே கொண்டுவாருங்கள். ஒரு பழைய கைலியைத் தாய் நாயின் மேல் நன்றாகத் தேய்த்து உள்ளே போடுங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கும் வசதி எல்லாருக்கும் வாய்க்காது.

பழைய தண்டல்:
கட்டிலருகேயா? எங்கள் காலத்தில் நாய் அஞ்சடியை, அதான் வீட்டு முன்நடையை, தாண்டி உள்ளே வந்ததில்லை. ஒருமுறை இடம் கொடுத்தால் மெத்தை கேட்கும்.

கம்பத்து அக்கா:
ஐயா, மெத்தையில் ஏற்றச் சொல்லவில்லை, பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பயத்தில் கத்தும் குட்டியைத் தனியே விட்டால், தனிமை என்றாலே பயம் என்றுதான் படித்துக்கொள்ளும். அப்புறம் பகலில் நீங்கள் பாசாருக்குப் போனாலும் கத்தும்.

பால்மரத்துப் பேரன்:
அண்ணா, பாதிக் கத்தல் மூத்திரத்துக்காக இருக்கலாம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம் அடக்கினால் பெரிது. இரவுச் சோற்றை முன்னதாகவே வைத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் பறிக்காதீர்கள், நம் வெக்கைக்கு அது கொடுமை. படுக்கும்முன் ஒருமுறை, நடுராத்திரி ஒருமுறை தூக்கிக்கொண்டு போங்கள். பேச்சும் விளையாட்டும் வேண்டாம். முடித்ததும் மெதுவாக "நல்ல பிள்ளை" என்றுவிட்டுப் பெட்டிக்கே திரும்புங்கள்.

இன்னொன்று: செம்பனை மரத்தடிக்கு மட்டும் விடாதீர்கள். அங்கே எலி மருந்துக் கட்டி வைப்பார்கள். எலியைத் தேடி நாகமும் வரும். டார்ச் விளக்குடன் வீட்டுப் பின்புறச் சிமெண்டுத் தரையே போதும்.

லயத்து வீட்டுக்காரன்:
மூன்று இரவு ஆயிற்று. முதல் இரவு கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுப் படுத்தேன். விரல்மேல் மூக்கை வைத்துக்கொண்டது, ஈரமாக, சில்லென்று. கை மரத்தே போனது, எடுக்க மனம் வரவில்லை. 2.40க்கு ஒரு முனகல், வெளியே தூக்கிப்போனேன், வந்து தூங்கிவிட்டது. நேற்று முனகல்கூட அரைகுறைதான். வயிறும் கட்டிவிட்டது, ஊசிக்கு நாளை போகிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் காலையில், "குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டார். பெட்டியைப் பின்கட்டுக்கு எப்போது மாற்றலாம்?

கம்பத்து அக்கா:
நான்கைந்து இரவு தொடர்ந்து நிம்மதியாகத் தூங்கட்டும். பிறகு கதவுப் பக்கமாகத் தினம் ஒரு முழம் நகர்த்துங்கள். கத்தினால் முந்தின நாள் இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்.