காலையில் முகம் உப்பியிருக்கிறது, மசாஜ் செய்தால் வடியுமா?

திருச்சி டீச்சர்:
காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழேயும் கன்னமும் உப்பிக் கிடக்கிறது. பத்து மணிக்கு மேல் தானாக வடிந்துவிடும், ஆனால் எட்டரைக்கே எனக்கு வகுப்பு. ஒரு வீடியோவில் அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் தொட்டாலே போதும் என்கிறார்கள். எது சரி?

பிசியோ அக்கா:
தொட்டால் போதும் என்பதுதான் சரி. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை வீங்கி வருகிறவர்களுக்கு நிணநீர் மசாஜ் செய்வது என் வேலை. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதி உருவாக்கிய முறை அது. இரவு முழுக்கப் படுத்தே இருப்பதால் முகத்தில் நீர் தங்குகிறது. இமைத் தோல் மெலிசு, அங்கேதான் முதலில் தெரியும். அந்த நீரை நிணநீராக எடுத்துப் போகிற நுண்குழாய்கள் தோலுக்குச் சற்று அடியிலேயே இருக்கின்றன. அழுத்தினால் நசுங்கிவிடும்.

முகத்தைத் தொடும் முன் கழுத்துக்கு வாருங்கள். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் விரல்களை வைத்து, தோலை மட்டும் மெதுவாக நகர்த்தி விடுங்கள். நிணநீர் போய் ரத்தத்தில் சேர்கிற இடம் அதை ஒட்டித்தான். அப்புறம் காதுக்குக் கீழிருந்து கழுத்தோரமாகக் கீழே. பிறகுதான் முகம்: மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கம், கண்ணுக்குக் கீழே மோதிர விரலால் உள்முனையிலிருந்து வெளியே. விரலோடு தோல் நகர வேண்டும், வழுக்கக் கூடாது. அதனால் எண்ணெய் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும்.

காரைக்குடி ஆச்சி:
ராத்திரிச் சாப்பாட்டையும் கவனிம்மா. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே உப்புதான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படு.

திருச்சி டீச்சர்:
நன்றி அக்கா, நன்றி ஆச்சி. தினமும் செய்தால் நிரந்தரமாகப் போய்விடுமா?

பிசியோ அக்கா:
போகாது, அன்றன்றைக்குத்தான். மதியத்துக்கு மேலும் வடியாமல் இருந்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ மசாஜை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீரகமா, தைராய்டா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிக்குத் திடீரென முகம் வீங்கினால் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.