மினி டிராக்டர்: ஹைட்ராலிக் ஆயில் வெளுக்கிறது, லிப்ட் முனகுகிறது. பம்பு மாற்ற வேண்டுமா?

டெல்டா உழவன்:
மன்னார்குடிப் பக்கம் எனக்கு. 27 எச்.பி. மினி டிராக்டர், ஃபோர் வீல் டிரைவ், கைமாறி வாங்கியது. குறுவைக்குச் சேற்றுழவு, மற்ற நாளில் தோப்பு உழவு, கொஞ்சம் டிப்பர் ஓட்டம்.

லிப்ட் லீவரைத் தூக்கினால் ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) உடனே எழுவதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திக்கித் திக்கி மேலே வருகிறது. பம்பு பக்கம் ஒரு முனகல் சத்தம், காலையில் ரொம்ப அதிகம். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கிறது. போன சம்பாவுக்கு முன்புதான் மொத்த ஆயிலும் மாற்றினேன். பட்டறையில் பம்பு போய்விட்டது, புதுசு போடு என்கிறார்கள். செலவு பெரிசு. அதற்கு முன் வேறு ஏதாவது பார்க்கலாமா?

பழைய பட்டறை:
தம்பி, பம்பில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். மூன்று விஷயம் சொல்லுங்கள். சமதளத்தில் நிறுத்தி, லிப்டைக் கீழே இறக்கிவிட்டு அளவு பார்த்தீர்களா? மேலே தூக்கி வைத்துப் பார்த்தால் சிலிண்டரில் நிற்கிற ஆயில் கணக்கில் வராது. பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகுகிறதா? உங்கள் மாடலில் இரண்டுக்கும் ஒரே ஆயில் என்றால், இரண்டும் சேர்ந்து மக்கர் செய்யும்போது பொதுவான சக்ஷன் பக்கத்தை, அதாவது பம்பு ஆயிலை இழுக்கும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். வண்டியை ஓட்டி நிறுத்தியதும் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காற்று கலந்த நுரை என்றால் சீக்கிரமே தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் காலையிலும் வெளுப்பாகவே நிற்கும், அடியில் தண்ணீர் பிரிந்தும் இருக்கலாம். காற்று என்றால் சக்ஷன் குழாய் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிளிப், ஆயில் குறைவு என்று தேட வேண்டும். தண்ணீர் என்றால் தேட வேண்டிய இடங்களே வேறு.

தோப்புக்காரன்:
எனக்கும் இதே முனகல் இருந்தது அண்ணே. 90 கியர் ஆயில் கொஞ்சம் கலந்து ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று ஊரில் சொல்கிறார்கள்.

பழைய பட்டறை:
அந்த வேலையே வேண்டாம். ஏற்கெனவே இழுக்கத் திணறுகிற பம்புக்கு இன்னும் கெட்டியான ஆயிலைக் கொடுத்தால் திணறல்தான் கூடும். அதுவும் இந்த மாதிரி வண்டியில் கியர், டிஃபரன்ஷியல், லிப்ட், ஆயிலில் ஊறும் பிரேக் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஹவுசிங்கில் (இரும்புக் கூடு) இருக்கும் ஆயிலில் ஓடுகின்றன. நாலு வேலைக்கும் பொருந்துகிற யு.டி.டி.ஓ. வகை ஆயில் என்று தனியாக இருக்கிறது. கண்ட ஆயிலைக் கலந்தால் பிரேக் மிதிக்கும்போது உறுமும், பிடிக்காமலும் போகும். டிரை பிரேக் உள்ள பழைய பெரிய வண்டிகள் வேறு கதை. டீலர் சொல்வதைவிட வண்டிப் புத்தகத்தில் எந்த கிரேடு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

டெல்டா உழவன்:
பாட்டில் வைத்துப் பார்த்தேன் ஐயா. காலையிலும் தெளியவில்லை, அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். ஸ்டீயரிங்கும் சில சமயம் இறுகுவது உண்மைதான். அளவு சரியாக இருக்கிறது, சொல்லப்போனால் மார்க்குக்கு மேலேயே நிற்கிறது.

பழைய பட்டறை:
ஊற்றாமலே அளவு ஏறினால் அது தண்ணீர்தான், சந்தேகமே இல்லை. சத்தத்துக்கும் இதுதான் காரணமாக இருக்கும். ஃபில்டர் பேப்பர் வகை என்றால் தண்ணீர் பட்டு ஊறி உப்பி வழியை அடைத்துக்கொள்ளும். பம்பு இழுக்க ஆயில் வராமல் முனகும். இப்படியே ஓட்டினால் அப்புறம் பம்பும் நிஜமாகவே போய்விடும்.

இனி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் ஆயில் மாற்றினால் அடுத்த பட்டத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது பிரீதர். ஹவுசிங் மூச்சுவிட மேலே வைத்திருக்கும் சின்ன மூடி அது, சேறு அடைத்துக்கிடந்தால் யாரும் கவனிப்பதில்லை. வேலை செய்யும்போது ஹவுசிங் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. அதே சூட்டில் வயல் தண்ணீருக்குள் நிறுத்தினாலோ, கழுவ பிரஷர் கன்னைப் பிடித்தாலோ, காற்று சட்டென்று சுருங்கி உள்ளே இழுக்கும். பிரீதர் திறந்திருந்தால் காற்றை இழுக்கும். அடைத்திருந்தால் எந்த சீல் தளர்ந்திருக்கிறதோ அதன் வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

அடுத்து கியர் லீவர் அடியில் இருக்கும் ரப்பர் பூட். கிழிந்திருந்தால் மழையும் கழுவுகிற தண்ணீரும் நேராக உள்ளே போகும். பின்னால் ரொட்டவேட்டரைச் சுற்ற வைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் சீல், பின் ஆக்ஸில் சீல் இரண்டிலும் வைக்கோலோ நைலான் கயிறோ சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது சீலின் உதட்டை அறுத்துவிடும். சும்மா நிற்கும்போது ஆயில் கசியாத சீல்கூட சேற்றில் முங்கும்போது தண்ணீரை விடும். முன் ஆக்ஸில் ஆயில் தனி. சேற்றில் ஓடிய வண்டி என்பதால் அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

வயல்காட்டு மெக்கானிக்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிப்பர் ஓட்டம் என்றீர்களே, அந்த டிரெய்லர் உங்களுடையதா, பல வண்டிக்கு மாட்டுகிற வாடகை டிரெய்லரா? டிப்பர் ஜாக்கிக்குள் போவது உங்கள் வண்டி ஆயில், திரும்பி வருவது எல்லா வண்டி ஆயிலும் கலந்த கலவை. யார் வண்டித் தண்ணீரோ உங்கள் ஹவுசிங்கில் வந்து சேரும். ஹோஸை இணைக்கும் கப்ளரை மண்ணோடு மாட்டுகிற பழக்கம் வேறு. ஆயில் மாற்றிவிட்டு அதே டிப்பரை மாட்டினால் மாற்றியது வீண்.

டெல்டா உழவன்:
வாடகை டிரெய்லர்தான்! அதை யோசிக்கவே இல்லை. ஹவுசிங்கை டீசல் ஊற்றி அலசலாமா?

பழைய பட்டறை:
டீசலும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். மூலையில் தங்கிப் புது ஆயிலை நீர்க்க வைக்கும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டி ஆயில் சூடானதும், லிப்டைக் கீழே இறக்கிவிட்டு, எல்லா டிரெயின் பிளக்கையும் கழற்றுங்கள். பல வண்டியில் ஒன்றுக்கு மேல் இருக்கும், ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாதி ஆயிலை உள்ளேயே விடுவார்கள். கம்பி வலை ஸ்ட்ரெய்னரை டீசலில் கழுவிக் காயவைத்துப் போடலாம், பேப்பர் ஃபில்டர் என்றால் புதுசுதான். சரியான ஆயிலைக் குறைந்த மார்க் வரை ஊற்றி, லேசான வேலையில் லிப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, மறுபடி அந்த ஆயிலை வடித்துவிடுங்கள். இது அலசுவதற்கு. அப்புறம் முழு அளவு ஊற்றி, கொஞ்ச நாளில் நிறம் பாருங்கள். ஆயில் செலவு இரட்டிப்பு என்று தெரியும், பம்பைவிடக் குறைவு.

கசிவு தேடும்போது ஹோஸை வெறுங்கையால் தடவாதீர்கள். ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரி.

டெல்டா உழவன்:
பார்த்துவிட்டேன். பிரீதர் சேறு இறுகிக் கல்லாக இருந்தது. லீவர் பூட்டும் கிழிசல். பி.டி.ஓ. சீலில் கயிறு இல்லை, ஆனாலும் மாற்றச் சொல்லிவிட்டேன். முன் ஆக்ஸில் ஆயில் சுத்தம். ஃபில்டர் ஊறிய அட்டை மாதிரி வந்தது. இரண்டு தடவை ஆயில் மாற்றியதில் முனகல் போய்விட்டது, ஸ்டீயரிங்கும் லேசாகிவிட்டது. லிப்ட் உடனே எழுகிறது.

ஒன்று மட்டும் மீதி. என்ஜினை நிறுத்தினால் தூக்கி வைத்த ரொட்டவேட்டர் கொஞ்ச நேரத்திலேயே தரைக்கு வந்துவிடுகிறது. இதுவும் பழைய தண்ணீரின் வேலையா?

வயல்காட்டு மெக்கானிக்:
என்ஜின் நின்றபின் பம்புக்கு வேலை இல்லை, அதனால் அது பம்பு அல்ல. லிப்ட் சிலிண்டர் பிஸ்டனின் ஓ-ரிங்கோ கண்ட்ரோல் வால்வோ கசிகிறது. தண்ணீரில் துருப்பிடித்த சிலிண்டர் ஓ-ரிங்கைத் தின்றிருக்கவும் வாய்ப்புண்டு. பல மணி நேரத்தில் மெதுவாக இறங்கினால் விட்டுவிடலாம். நீங்கள் சொல்கிற வேகத்தில் இறங்கினால் லிப்ட் கவரைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஓ-ரிங் செட் விலை பெரிசில்லை, கூலிதான் அதிகம். அதுவரை தூக்கிய ரொட்டவேட்டருக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுக்காமல் பிளேடு மாற்றப் போகாதீர்கள்.